ஒலி செல்லும் வழி

கோத்தா கோலமூடா மீன் சந்தையைப் பற்றிக் கேள்விப்படாத கெடா வியாபாரி நம்மில் யாரும் இருக்கமாட்டார். 'பாசார் பிசிக்' என்று மலாய்க்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கிசுகிசுச் சந்தை என்பது பொருள். படகு கரையேறி மீன் கூடைகளை இறக்கியதும், வாங்க வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏலக்காரரை நெருங்கி, அவர் காதில் மட்டும் விழும்படி தங்கள் விலையைச் சொல்லிவிட்டு விலகி நிற்பார்கள். யார் விலை உயர்ந்ததோ அவருக்குச் சரக்கு. பக்கத்தில் நிற்பவருக்குக்கூட மற்றவர் சொன்ன தொகை தெரியாது. ஏலம் என்றாலே கூச்சல் என்று பழகிவிட்ட நமக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும்.

ஒரு முறை என் மகனையும் அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அத்தா, அவர் காதில் சொல்வது நமக்கு ஏன் கேட்கவில்லை?" என்றான். பதில் சொன்னேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்கு நாம் பேசுவது கேட்குமா?" இதற்குப் பதில் சொல்லச் சில புத்தகங்களைப் புரட்ட வேண்டியதாயிற்று. புரட்டியதில் கிடைத்த விஷயம் அவனுக்கு மட்டுமின்றி நமக்கும் பயன்படக்கூடியதாக இருந்தபடியால், அதை இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கான பதில் கணக்குத்தான். வாயிலிருந்து புறப்படும் ஒலி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதன் பலம் நான்கில் ஒன்றாகிவிடும். பத்து மடங்கானால் நூறில் ஒன்று. ஏலக்காரரின் காது பேசுபவர் வாயிலிருந்து பத்து சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் போட்டிக்காரருக்கு நூறில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அந்த ஒரு பங்கையும் படகு இயந்திரச் சத்தம் விழுங்கிவிடும். சந்தையின் இரகசியம் இவ்வளவே.

இரண்டாவது கேள்விக்கு வருமுன், ஒலி என்றால் என்ன என்பதைச் சற்று பார்த்துவிடுவோம். பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரட்டுக் களம் நினைவிருக்கும். விடியுமுன் ஆட்கள் வரிசை பிடித்து நிற்பார்கள். அந்த வரிசையின் கடைசியில் நிற்பவரை ஒருவர் லேசாகத் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முன்னாலிருப்பவர் மீது சாய்ந்து, மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடுகிறார். அந்த முன்னாளும் அப்படியே. தள்ளு மட்டும் கங்காணி நிற்கிற முனைவரை ஓடிவிடுகிறது. ஆட்களில் ஒருவரும் இடம் மாறவில்லை. ஒலியும் இப்படிப்பட்ட ஒரு தள்ளுதான். களத்தில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடித்தால், அதன் அதிர்ச்சி பக்கத்துக் காற்றை நெருக்குகிறது. அந்தக் காற்று அடுத்த காற்றை நெருக்குகிறது. கடைசியில் லயத்து வீட்டில் உறங்குபவர் காதுச் சவ்வைத் தள்ளுகிறது. காற்று அங்கிருந்து இங்கே வந்துவிடவில்லை. நெருக்கடி மட்டுமே வந்தது.

ஆகவே, ஒலி பிரயாணம் செய்ய ஏதாவது ஒரு பொருள் வேண்டும். காற்றாக இருக்கலாம், நீராக இருக்கலாம், மரமாகவோ இரும்பாகவோ இருக்கலாம். ஒன்றுமே இல்லாத வெளியில் ஒலி கிடையாது.

இப்போது வேகத்தைப் பார்ப்போம். நம் ஊர் வெப்பத்தில், அதாவது சுமார் 30 டிகிரியில், காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகிறது. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. ஜெராய் மலைப் பக்கம் மின்னல் வெட்டியதைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். ஒன்பது எண்ணும்போது இடி கேட்டால் அந்த மின்னல் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் விழுந்தது. அடுத்தது எண்ணிக்கை குறைந்து வந்தால் வெளியில் நிற்காமல் கடைக்குள் வந்துவிடுங்கள்.

நீரில் இந்த வேகம் நான்கு மடங்குக்கும் அதிகம். நம் வெதுவெதுப்பான கடல் நீரில் விநாடிக்கு 1,500 மீட்டரைத் தாண்டிவிடும். இரும்பில் 5,000 மீட்டருக்கு மேல்.

இதைக் கேட்டவுடன், "கனமான பொருளில் ஒலி வேகமாகப் போகும்" என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். பள்ளிக்கூடத்திலேயே சிலருக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இது தவறு. ஈயம் இரும்பைவிடக் கனமானது. ஆனால் ஈயத்தில் ஒலியின் வேகம் இரும்பில் உள்ளதில் பாதிகூட இல்லை. கனம் உண்மையில் ஒலியைத் தாமதப்படுத்துகிறது. பெரட்டு வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் பெருத்த உடம்புக்காரர்கள் என்றால் தள்ளு மெதுவாகத்தானே நகரும்? வேகம் கொடுப்பது வேறொரு குணம்: நெருக்கினால் சுருங்க மறுக்கும் விறைப்பு. வரிசையில் உள்ளவர்கள் தளர்ந்து நிற்காமல் தோளோடு தோள் இறுக்கமாக நின்றால், தள்ளு ஒரு நொடியில் முனைக்குப் போய்விடும்.

வியாபாரிகளுக்குக் கணக்குக் காட்டாமல் சொன்னால் நம்பமாட்டீர்கள். நீர் காற்றைவிட ஏறத்தாழ 850 மடங்கு கனம். இது செலவுப் பக்கம். ஆனால் நீரைச் சுருக்குவது காற்றைச் சுருக்குவதைவிடச் சுமார் 15,000 மடங்கு கடினம். இது வரவுப் பக்கம். 15,000-ஐ 850-ஆல் வகுத்தால் 18-க்குச் சற்றுக் குறைவாக வரும். அதன் வர்க்கமூலம் நான்கும் சொச்சமும். நீரில் ஒலி நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதற்கு இதுதான் காரணம். வேறு மாயம் ஒன்றுமில்லை.

இந்த வேகத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர்கள் கொலாடோன், ஸ்டர்ம் என்ற இருவர். 1826-ல் சுவிட்சர்லாந்து நாட்டு ஜெனீவா ஏரியில் இது நடந்தது. இரவு நேரத்தில் ஒரு படகிலிருந்து நீருக்குள் ஒரு மணியைத் தொங்கவிட்டார்கள். மணி அடிக்கும் அதே கணத்தில் படகின் மேலே வெடிமருந்து பற்றி வெளிச்சம் தெரியும்படி ஒரு பொறி. பதின்மூன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொரு படகில் ஒருவர், நீண்ட தகரக் குழாய் ஒன்றின் வாயை நீரில் ஆழ்த்தி மறுமுனையில் காதை வைத்துக் காத்திருந்தார். வெளிச்சம் தெரிந்தபின் ஒன்பதரை விநாடிக்குள் மணியோசை வந்து சேர்ந்தது. விநாடிக்கு 1,435 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். அந்த ஏரி நீரின் குளிருக்கு அந்த எண் இன்றைக்கும் அநேகமாகச் சரியே.

அவர் ஏன் குழாய் வைத்துக் கேட்டார்? படகில் சும்மா உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் என் மகனுடைய கேள்விக்கு விடை இருக்கிறது. காற்றுக்கும் நீருக்கும் இடையே உள்ள எல்லையை ஒலி எளிதில் தாண்டுவதில்லை. காற்றிலிருந்து நீரின்மேல் விழும் ஒலியில் ஆயிரம் பங்கில் ஒரு பங்குதான் உள்ளே நுழைகிறது, மிச்சமெல்லாம் திரும்பிவிடுகிறது. நீரிலிருந்து காற்றுக்கு வருவதும் அதே கணக்கு. ஆயிரம் வெள்ளி அனுப்பி ஒரு வெள்ளி போய்ச் சேருகிற உண்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நின்று நாம் பேசும் பேச்சில் மீனுக்குக் கேட்பது மிகச் சொற்பம். ஆனால் படகின் பலகையில் ஒரு தட்டுத் தட்டினால், மரம் அந்த ஒலியை நேரே நீருக்குக் கொடுத்துவிடுகிறது. மீன் சிதறி ஓடும். இதை எந்தப் புத்தகமும் படிக்காமலே மீன்பிடிப்பவர்கள் அறிவார்கள்.

கீழக்கரை, காயல்பட்டினத்து முன்னோர்கள் மன்னார்க் கடலில் முத்துக் குளித்த காலத்தில், மூழ்கியவரும் படகில் இருந்தவரும் கயிற்றை இழுத்தே சமிக்ஞை செய்துகொண்டார்கள். மேலிருந்து எவ்வளவு உரக்கக் கூவினாலும் கீழே பயன்படாது. அதோடு மற்றொரு சங்கடமும் உண்டு. காற்றில் ஒரு சத்தம் ஒரு காதில் சற்று முந்தியும் மறு காதில் சற்றுப் பிந்தியும் விழுவதைக் கொண்டுதான் திசையை அறிகிறோம். நீரில் ஒலி நாலு மடங்கு வேகமாக வருவதால் அந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடுகிறது. மூழ்கியவருக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே விளங்காது; தலைக்குள்ளேயே கேட்பதுபோல் இருக்கும். நீரில் மூழ்கி விளையாடும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

இந்த எல்லைச் சுவரைத் தாண்டுவதற்கு மட்டக்களப்பு மக்கள் கண்டுபிடித்த வழி மிக அழகானது. கிழக்கிலங்கையில் உள்ள அந்த வாவியில், கல்லடிப் பாலத்தருகே, நிலவுள்ள இரவுகளில் நீருக்கடியிலிருந்து இசை போன்றதோர் ஒலி எழுவதாகப் பல தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். மட்டக்களப்புக்கு 'மீன் பாடும் தேனாடு' என்று பெயரே ஏற்பட்டுவிட்டது. படகில் போய்த் துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து, மறு முனையைக் காதோடு சேர்த்து வைத்துக் கேட்பது அங்குள்ள வழக்கம். இலங்கையில் ஆங்கில அரசின் காரியதரிசியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1848-ல் அங்கே சென்று, தாமே படகிலிருந்து கேட்டிருக்கிறார். படகின் மரத்தில் காதை வைத்தபோது அந்த ஒலி வெகுவாக அதிகரித்ததாக எழுதியிருக்கிறார். மீனவர்கள் அது 'ஊரி' என்னும் சிப்பி வகையின் சத்தம் என்று அவரிடம் சொன்னார்கள். சிப்பியா மீனா என்ற விவாதம் இருக்கட்டும். துடுப்பு செய்யும் வேலை என்னவென்று இப்போது உங்களுக்கே தெரியும். நீரிலிருந்து காற்றுக்கு வருவதானால் ஆயிரத்தில் ஒன்று. நீரிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து காதெலும்புக்கும் வருவதானால் அவ்வளவு நஷ்டம் இல்லை. ஜெனீவா ஏரியின் தகரக் குழாயும் அதே வேலையைத்தான் செய்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஈடான வித்தை இருந்தது. கிளந்தான், திரங்கானு கடற்கரைகளில் 'ஜுரு செலாம்' என்ற நிபுணர், தாமே நீரில் மூழ்கி, மீன் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு, வலை போடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பார். 1939, 40-ல் கிளந்தானில் தங்கி ஆராய்ந்த ரேமண்ட் பெர்த் என்பவர் மலாய் மீனவர்களைப் பற்றிய தம் நூலில் இவரைக் குறித்திருக்கிறார்.

மீன் சத்தமிடுமா என்று சிரிக்க வேண்டாம். கருவாட்டு வியாபாரம் செய்பவர்களுக்குக் கெலாமா மீனைத் தெரியும்; நம் ஊரில் கத்தாழை என்போம். அது வயிற்றினுள் உள்ள காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்துக் கறகறவென்று ஒலியெழுப்புகிறது. உலர்த்திய பிறகு சீன வியாபாரிகள் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்களே, அந்தக் காற்றுப்பைதான். இன்று கோலக்கெடாப் படகுகளில் பொருத்தியிருக்கும் மீன் காட்டும் கருவிக்கும் அதுவே ஆதாரம். கருவி நீருக்குள் ஓர் ஒலித் துடிப்பை அனுப்புகிறது. முப்பது மீட்டர் ஆழமென்றால் அது தரையில் பட்டு மீள ஒரு விநாடியில் நூறில் நாலு பாகம் போதும். நடுவிலே மீன் கூட்டம் இருந்தால், அவற்றின் காற்றுப்பைகளில் பட்ட ஒலி முன்னதாகவே திரும்பிவிடும். நீருக்கும் காற்றுக்கும் இடையே உள்ள அதே சுவர்தான். இங்கே அந்தச் சுவர் மீனைக் காட்டிக் கொடுக்கிறது.

இனி, ஒலி வளைந்து போவதைப் பற்றிக் கொஞ்சம். ஸுபுஹு நேரத்தில், மூடா சமவெளியின் வயல்களைத் தாண்டி, பகலில் ஒருபோதும் கேட்காத தூரத்துப் பள்ளியின் பாங்கு தெளிவாகக் கேட்பதை நீங்கள் கவனித்திருக்கலாம். ஊர் அடங்கியிருப்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் உண்டு. ஒலி சூடான காற்றில் சற்று வேகமாகவும் குளிர்ந்த காற்றில் சற்று மெதுவாகவும் போகும்; மெதுவான பக்கமாகவே வளையும். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி மேலே வளைந்து வானத்துக்குப் போய்விடுகிறது. விடியற்காலையில் தரைக் காற்று குளிர்ந்திருப்பதால் கீழே வளைந்து நம் வீட்டுக்கு வருகிறது.

ஆழ்கடலில் இதே விஷயம் இன்னும் பிரமாதமாக நடக்கிறது. கடலில் கீழே போகப் போகக் குளிர்ச்சி கூடுவதால் ஒலியின் வேகம் குறைந்துகொண்டே வரும். ஒரு கிலோமீட்டருக்கும் கீழே, குளிர்ச்சி அதிகமாக மாறுவதில்லை. ஆனால் நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே இருப்பதால் வேகம் மறுபடி கூடத் தொடங்கும். மேலேயும் வேகம், கீழேயும் வேகம், நடுவிலே மெதுவான ஓர் அடுக்கு. அந்த அடுக்கில் அகப்பட்ட ஒலி மேலே போனாலும் திரும்பி வளைகிறது. கீழே போனாலும் திரும்பி வளைகிறது. கால்வாயில் விட்ட நீர் போல, சிதறாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடிவிடும். மாரிஸ் யூயிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1944-ல் சிறு வெடிகளை ஆழத்தில் வெடிக்கச் செய்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கேட்டு இதை நிரூபித்தார்.

காற்றில் அத்தனை தூரம் செல்ல எவ்வளவு பெரிய சத்தம் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் 1883-ல் நடந்த கிரக்கத்தோவா எரிமலை வெடிப்பு. ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையே எழுந்த அந்தச் சத்தம், இந்து மகாசமுத்திரத்தில் 4,800 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ரொட்ரீக்ஸ் தீவில் பீரங்கி முழக்கம்போல் கேட்டது. போய்ச் சேர நாலு மணி நேரம் பிடித்தது. அதே தூரத்தை நீர் வழியாகக் கடப்பதானால் ஒரு மணி நேரம்கூடத் தேவையில்லை.

இப்போது கோலமூடாவுக்கே திரும்புவோம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி காலை ஒன்பது மணிக்கு ஒரு நிமிடம் முன்னதாக, சுமத்திராவின் மேற்குக் கடலடியில் பூமி பிளந்தது. பிளவு அந்தமான் தீவுகள் பக்கமாக 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அந்த அதிர்ச்சி பாறை வழியாக விநாடிக்குச் சுமார் எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்டு, ஒன்றரை நிமிடத்துக்குள் கெடாவை எட்டியது. ஆழ்கடல் வழியாகப் போன ஒலி, தென்மேற்கே 2,800 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்திலுள்ள டியகோ கார்சியாத் தீவின் நீர் ஒலிவாங்கிகளை அரை மணி நேரத்தில் அடைந்தது. அந்தக் கருவிகள், எவராவது இரகசியமாக அணுகுண்டுச் சோதனை நடத்துகிறார்களா என்று கேட்பதற்காக, 1996-ம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் வைக்கப்பட்டவை. பிளவு வடக்கு நோக்கி எட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடிய ஓட்டத்தை அந்த ஒலிப்பதிவைக் கொண்டே விஞ்ஞானிகள் பிற்பாடு வரைந்து காட்டினார்கள்.

ஆனால் சுனாமி அலை ஒலி அலை அல்ல. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒலி நீரின் நெருக்கடி. சுனாமியோ நீர் மட்டமே உயர்ந்து தாழ்ந்து நகர்வது. ஒலியின் வேகம் ஆழத்தால் அதிகம் மாறாது; சுனாமியின் வேகம் முழுக்க ஆழத்தைப் பொறுத்தது. நாலு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு 700 கிலோமீட்டர், ஆகாய விமானத்தின் வேகம். ஐம்பது மீட்டர் ஆழத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர்தான். அலை அச்சேயின் முனையைச் சுற்றி, ஆழம் குறைந்த மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, வேகம் தளர்ந்து, நம் கரையை அடையும்போது நண்பகல் கடந்துவிட்டது. அதிர்ச்சி வந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அந்த மூன்று மணி நேரமும் கோத்தா கோலமூடாவில் மக்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாறை வழியாக வந்த சேதி கருவிகளில் பதிவாகியிருந்தது. நீர் வழியாகப் போன சேதியும் பதிவாகியிருந்தது. அதை எடுத்து ஒரு மீன்பிடிக் கிராமத்தின் காதில் போடுவதற்கு இந்து மகாசமுத்திரத்தில் அன்று எந்த ஏற்பாடும் இல்லை. மலேசியாவில் 68 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பினாங்கில், 12 பேர் கெடாவில். உடைந்த படகுகளை வைத்து எழுப்பிய நினைவுச் சின்னத்தைக் கோத்தா கோலமூடாவில் இன்றும் பார்க்கலாம்.

பிறகு ஏற்பாடுகள் நடந்தன. அணுச்சோதனையைக் கண்காணிக்கும் அமைப்பு, தன் பதிவுகளைச் சுனாமி எச்சரிக்கை நிலையங்களுக்கும் தருவதென்று 2006-ல் தீர்மானித்தது. இந்து மகாசமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பு 2011 முதல் முழுமையாக இயங்குகிறது. நம் வானிலை ஆய்வுத் துறையும் ஒரு மையத்தை ஏற்படுத்திக் கடலோரங்களில் சைரன்களை நிறுத்தியது.

சைரன் ஊதினால் அதன் ஒலி போவது காற்று வழியாக. கிலோமீட்டருக்கு மூன்று விநாடி. பத்து மீட்டர் ஆழத்துக் கடலில் அலை அதே கிலோமீட்டரைக் கடக்க நூறு விநாடி ஆகும். ஆனால் எதிர்க்காற்று அடித்தால் ஒலி மேலே வளைந்துவிடும். கதவடைத்த குளிர்சாதன அறைக்குள்ளும், ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்திலும் அது சரியாகக் கேட்காது. கடலோரத்தில் கடை வைத்திருக்கும் அன்பர்கள், அருகிலுள்ள சைரன் கம்பம் எங்கே இருக்கிறதென்றும், அதன் சத்தம் தங்கள் கடையின் பின்கட்டுவரை கேட்கிறதா என்றும், அதைச் சோதித்துப் பார்க்கும் நாளில் ஒரு முறை நின்று கவனித்துக்கொள்ளலாம்.